கணவாய்

கடலுக்கு அடியில் ரயில் நுழைந்தபோது
நகி தூங்கிவிட்டாள்.
அவளுக்குக் காட்டத்தான் ஜன்னலோரம் எடுத்திருந்தோம்.
காட்ட ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.
இருட்டு, அதற்குப் பின்னும் இருட்டு,
கண்ணாடியில் எங்கள் இரண்டு முகம்
பத்தொன்பது மாதத் தூக்கம் பாக்கியோடு.

ஹக்கோடாத்தே. இரண்டு இரவு.
மிஹோ ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள்:
நட்சத்திரக் கோட்டை, செங்கல் கிடங்குகள்,
விடியற்காலைச் சந்தையில் சால்மன் முட்டை பரப்பிய சோறு,
மலையுச்சியிலிருந்து ஊரின் விளக்குகள்.
கடைசியின் கீழே இரண்டு கோடு.
தாளின் பின்பக்கம்
டயபர் பதினான்கு, சளி மருந்து, முயல் பொம்மை.

முயலை அஓமோரியிலேயே விட்டுவிட்டோம்.

டிராம் நிறுத்தத்திலிருந்து விடுதிக்கு
ஆறு நிமிடம் என்றது வரைபடம்.
வரைந்தவருக்குக் குழந்தை இருந்திருக்காது.
ஐந்தாவது அடியில் நகி உட்கார்ந்தாள்.
நடைபாதையில் ஒரு சாக்கடை மூடி,
இரும்பில் வார்த்த கணவாய்கள்
கைகளைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தன.
யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள்.
“இகா” என்றாள்.
அதுவரை அவளிடம் பதினோரு சொற்கள்.
பன்னிரண்டாவது அந்தத் தெருவில் பிறந்தது.

“ஆமாம், இகா. வா, போகலாம்.”
“இகா.”
இரண்டு காலில் நிற்கவே தடுமாறுகிறவள்
அன்று முழுக்க ஒற்றைக் காலில் நின்றாள்.
அடுத்த மூடி. அதற்கடுத்த மூடி.
எல்லாவற்றிலும் கணவாய் இல்லை.
இல்லாத மூடிக்கும் குனிந்து
ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மறுநாள் சந்தையில் நிஜக் கணவாய் காட்டினேன்.
தொட்டியில், கண்ணாடி போல,
உள்ளே எதுவோ துடிப்பது வெளியே தெரிய.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ஆடாதது எப்படி இகா ஆகும்?
மிஹோ சோற்றை நின்றபடியே
நான்கு வாயில் முடித்தாள்.
நகி மிச்சம் வைத்த நூடுல்ஸ் எனக்கு,
ஆறிப்போய், அவள் விரல்கள் பட்டு.

நட்சத்திரக் கோட்டை
வானத்திலிருந்து பார்த்தால்தான் நட்சத்திரம்.
எங்களுக்கு ஓர் அகழி, இரண்டு வாத்து,
வாத்துக்கு எறிந்த இடது காலணி.

“வீட்டிலேயே இருந்திருக்கலாம்” என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
மிஹோ தாளை நான்காக மடித்து
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மாலை, ரோப் கார் வரிசையில்
நகி என் மார்பில் கட்டுண்டு உறங்கினாள்.
மேலே காற்று, பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு என்று
அறிவிப்புப் பலகை.
“நீ போ.” “இல்லை, நீ போ.”
கல், கத்தரி, காகிதம்.
நான் கத்தரி என்று தெரிந்தும்
அவள் இரண்டு முறை காகிதம் காட்டினாள்.
மூன்றாம் முறை நான் விட்டுக்கொடுத்தேன்.

கீழே, தானியங்கி இயந்திரத்தின் வெளிச்சத்தில்
சுடச்சுட ஒரு டப்பா சோளச் சூப்.
போன் அடித்தது.
“டார்ச்சை ஆட்டு. தெரிகிறதா பார்க்கிறேன்.”
வண்டிகளுக்கு நடுவே நின்று ஆட்டினேன்.
“தெரிகிறது” என்றாள்.
பொய். ஊர் முழுக்க விளக்கு.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.
“குளிர்” என்றாள்.
“இன்னும் கொஞ்சம் இங்கே நிற்கட்டுமா?”
“நில்லு.”

இறங்கி வந்தவளிடம் எப்படி இருந்தது என்றேன்.
“யாருமே கையைப் பிடித்து இழுக்கவில்லை.”
சொல்லிக்கொண்டே
நகியின் தொங்கும் கைக்குள்
தன் விரலை நுழைத்தாள்.

திரும்பும் ரயிலில், சுரங்கம் முழுக்க,
நகி கொட்டக் கொட்ட விழித்திருந்தாள்.
ஜன்னலின் இருட்டைத் தொட்டு
“இகா” என்றாள்.
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
தலைக்கு மேலே கடல் போய்க்கொண்டிருந்தது.